அடுப்புக்குப் போடாதீங்க

அந்த வார்டில் அவரை அடுப்பண்ணன் என்று சொன்னால்தான் தெரியும். அப்பா அம்மா வைத்த பெயர் கட்சி உறுப்பினர் அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. காஸ் அடுப்பு ரிப்பேர் பார்ப்பவர். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷட்டர் போட்ட சின்ன அறை. அதற்குள் ஆள் பாதி, அடுப்பு பாதி. ஆனால் அவர் அந்த அறையில் இருக்கும் நேரம் குறைவு. தோளில் கான்வாஸ் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்விடுவார். பைக்குள் ஸ்பானர், கம்பி பிரஷ், ரப்பர் டியூப், அடைப்பெடுக்கிற ஊசி.

மற்ற கட்சிக்காரர்களுக்கு வார்டில் வாசல்படி வரைதான் தெரியும். அடுப்பண்ணனுக்கு அடுப்படி வரை போக்குவரத்து உண்டு. பர்னரைக் கழற்றி வைத்துக்கொண்டு அவர் ஊதிக்கொண்டிருக்க, பக்கத்தில் நிற்கிற வீட்டம்மா சும்மா நிற்பாரா? குழாயில் தண்ணீர் வராதது, மாடிப்படியில் விளக்கு எரியாதது, மருமகன் கோபித்துக்கொண்டு போனது, எல்லாம் கொட்டுவார். இவர் "ம்" கொட்டுவார். மருமகன் விஷயத்தை அங்கேயே விட்டுவிட்டு, தண்ணீரையும் விளக்கையும் மட்டும் மறுநாள் நகரசபை அலுவலகத்துக்குக் கொண்டுபோவார். அங்கே இருந்த பியூனுக்கு இவர் தலையைக் கண்டாலே தலைவலி வரும். "வந்துட்டாரு பாரு, வார்டையே பையில போட்டுக்கிட்டு" என்பார்.

கட்சியில் அவர் சேர்ந்தது இளவட்டமாக இருந்தபோது. குடியிருந்த சந்து முழுவதையும் இடித்து அகலச் சாலை போடுவது என்று வண்டிகள் வந்து நின்ற நாளில், அந்தக் கட்சிக்காரர்கள்தான் வந்து குறுக்கே உட்கார்ந்தார்கள். தொழில் பழகிக்கொண்டிருந்த இவரும் கையில் ஸ்பானரோடு போய் உட்கார்ந்தார். சந்து தப்பியது. அன்றைக்கு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. காலையில் கடவுளைக் கும்பிடுவார்; கும்பிட்ட கையோடு கட்சிக் கொடி கட்டிய கம்பம் நேராக நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார்.

அவர் மனைவிக்கு பேக்கரியில் வேலை. ரொட்டியைத் துண்டு போட்டுப் பையில் அடைக்கிற பிரிவு. நாள் முழுக்கக் கத்திகளுக்கு நடுவே நிற்பதாலோ என்னவோ நாக்கும் கொஞ்சம் கூர்மை.

"உங்களுக்குக் கட்சி மாமியார் வீடுங்க. பாத்திரம் தேய்க்க நீங்க. உக்காந்து சாப்பிட வேற ஆளு" என்பார்.

அவர் சிரித்து மழுப்புவார். ஆனால் அதில் இருந்த உண்மை அவருக்கும் தெரியும். அந்த வழக்கத்தைச் சொன்னால்தான் உங்களுக்கும் புரியும். தேர்தல் வந்தால் கட்சி ஒருவரை வேட்பாளராக நிறுத்தும். அவருடைய மனுவில் ஏதாவது கோளாறு இருந்து தள்ளிவிட்டால் கட்சிக்கு ஆளே இல்லாமல் போய்விடுமே என்று, கூடவே இன்னொருவரையும் மனுப் போட வைக்கும். அதற்கு மாற்று மனு என்று பெயர். பெரியவர் மனு பிழைத்துவிட்டால், மாற்று மனு போட்டவர் போய் வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். வாங்காவிட்டால் சுயேச்சையாகக் களத்தில் நிற்பார். அந்த வார்டில் மாற்று மனு என்றால் அடுப்பண்ணன்தான். எத்தனையோ தேர்தலாக அவர்தான். "எங்க வீட்டுக்காரரு கட்சியோட ஸ்டெப்னி டயரு" என்று மனைவி பேக்கரியில் சொல்லி வைத்திருந்தார்.

அந்த மனுவில், என்ன சின்னம் வேண்டும் என்று ஒரு கட்டம் உண்டு. எப்படியும் வாபஸ் வாங்கப் போகிற மனுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்? இவர் ஒவ்வொரு தடவையும் அதில் 'அடுப்பு' என்று எழுதி வைப்பார். யாரும் பார்த்ததில்லை.

இந்தத் தடவை வேறு மாதிரி இருக்கும் என்றார்கள். மேலிடத் தலைவர் ஒருவர் மேடையிலேயே சொன்னார்: இனிமேல் அந்தந்த வார்டு உறுப்பினர்களைக் கேட்டுத்தான் வேட்பாளர். சொன்னபடியே ஒரு பார்வையாளரும் வந்தார். சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற கட்சி ஹாலில் கூட்டம். உட்கார இடமில்லாமல் படிக்கட்டு வரை ஆட்கள். மகளிர் அணியைப் பார்த்துக்கொள்கிற டைலரக்கா, மெஷினில் பாதி தைத்த ரவிக்கையை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் அளவு டேப்பு தொங்கத் தொங்க வந்திருந்தார். முதலில் எழுந்தவரும் அவர்தான்.

"எங்களுக்கு வெளியாளு வேணாங்க. அடுப்பண்ணன் இருக்காரு. அவரை நிறுத்துங்க. அவருக்கு ஒரு கை தூக்குங்கப்பா!"

ஹாலில் கைகள் எழுந்தன. படிக்கட்டில் நின்றவர்களின் கைகூட ஜன்னல் வழியே தெரிந்தது. பார்வையாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, எல்லோருக்கும் நன்றி சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அடுப்பண்ணன் அன்று வீட்டுக்கு வந்தபோது கால் தரையில் பாவவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது குத்தலாகச் சொல்கிற மனைவிகூட அவர் காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கோங்க. ஓட்டுக் கேக்கப் போறப்ப அறுந்து தொலைக்கப் போகுது" என்றார். அவரும் வாங்கினார்.

பட்டியல் வந்தது. வேட்பாளர், பர்னிச்சர் கடை முதலாளி.

அவர் கட்சிக்கு வந்தே அதிக நாள் ஆகவில்லை. மெயின் ரோட்டில் கண்ணாடி வைத்த பெரிய கடை. வீடு ஊரின் இன்னொரு கோடியில். இந்த வார்டில் அவர் கால் பட்ட இடம் அந்தக் கடையும் அதற்கு முன்னால் கார் நிறுத்துகிற இடமும்தான். நல்ல மனுஷன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நல்லவரா கெட்டவரா என்று தெரிந்துகொள்ள ஒருவருக்கும் வாய்ப்பு இருந்ததில்லை. அவ்வளவுதான்.

வார்டுச் செயலாளர் மறுநாள் கடைக்கு வந்தார். எப்போதும் போனைக் காதில் ஒட்டிக்கொண்டே திரிகிற ஆள். அன்றும் யாருடனோ பேசிக்கொண்டே, இடையில் இவரிடமும் பேசினார்.

"அண்ணே… ஆமாங்க சார், சொல்லுங்க… அண்ணே, அந்த மாத்து மனு. வழக்கம்போல நீங்கதான்."

"செயலாளரே, அன்னைக்குக் கை தூக்கினாங்களே, அது என்ன ஆச்சு?"

"அதெல்லாம் மேல போயிருச்சுண்ணே."

"மேல போய்?"

"மேல போய்… ஒரு நிமிஷம் சார்… மேல பாத்துக்கிட்டாங்கண்ணே. தலைமைக்குத் தெரியாதா? நீங்க நம்ம ஆளு. நம்ம ஆளு கோவிச்சுக்கலாமா?"

'நம்ம ஆளு' என்ற சொல்லுக்குத்தான் அடுப்பண்ணன் எப்போதும் விழுவார். திட்டியிருந்தாலாவது எதிர்த்துப் பேசியிருக்கலாம். மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சின்னம் என்ற கட்டத்தில், கடுப்பு தாங்காமல், வழக்கத்தைவிட அழுத்தமாக 'அடுப்பு' என்று எழுதினார். புதுச் செருப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

முதலாளியின் மனு பிழைத்தது. வாபஸ் வாங்குகிற நாளும் வந்தது. வழக்கமாக அன்று காலையில் கட்சி வண்டி ஒன்று வந்து அடுப்பண்ணனை ஏற்றிக்கொண்டு போகும். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பக் கொண்டுவந்து விடும். அன்று அவர் சட்டை மாற்றித் தயாராகக் கடையில் உட்கார்ந்திருந்தார். வண்டி வரவில்லை. ஏனென்றால் அன்று முதலாளிக்கு வரவேற்பு ஊர்வலம். இளைஞர் அணி, செயலாளர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தது. செயலாளர், இளைஞர் அணிக்குச் சொல்லியாயிற்று என்று நினைத்தார். சொன்னது வேறு விஷயத்தை. அடுப்பண்ணன் செயலாளருக்குப் போன் போட்டுப் பார்த்தார்; எப்போது போட்டாலும் அது பேசிக்கொண்டே இருந்தது.

மதியம் சாப்பாட்டுக்கு வந்த மனைவி கேட்டார்: "பஸ் ஏறி நீங்களே போனா என்ன?"

"கூப்பிடாம எப்படிப் போறது? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"வாபஸ் வாங்கப் போறதுக்குக்கூட வெத்தல வச்சு அழைக்கணுமோ?"

"அதில்ல. போன தடவை நானா முந்திப் போனதுக்கு 'உங்களை யாரு வரச் சொன்னது'ன்னு கத்தினாரு. இந்தத் தடவை கூப்பிடட்டும்."

சொல்லும்போது வழக்கத்துக்காகத்தான் சொன்னார். அடிமனசில் கொஞ்சம் வேறு ஒன்றும் இருந்திருக்கலாம். அது கடவுளுக்கு வெளிச்சம். அதற்குள் ஒரு வீட்டிலிருந்து, அடுப்பு எரியாமல் குழந்தைக்குப் பால் காய்ச்ச முடியவில்லை என்று ஆள் வந்துவிட, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அங்கே பர்னரை மாட்டி, தீ நீலமாக எரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தேர்தல் அலுவலகத்தில் வாபஸ் நேரம் முடிந்து கதவைச் சாத்தினார்கள்.

இறுதிப் பட்டியல் ஒட்டப்பட்டபோது செயலாளர் ஓடிவந்தார். அன்று மட்டும் போன் காதில் இல்லை, கையில் இருந்தது.

"அண்ணே! என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க! ஓட்டுச் சீட்டுல உங்க பேரு வந்திருச்சு!"

"வண்டி வரலையே, செயலாளரே."

"வண்டி வரலைன்னா? நீங்க என்ன கல்யாணப் பொண்ணா? சின்னம் என்ன தெரியுமா? அடுப்பு! அடுப்பண்ணனுக்கு அடுப்பு! யாருண்ணே கேட்டா அதை?"

"நாந்தான் எழுதினேன். எப்பவும் அதைத்தான் எழுதுவேன். நீங்கதானே ஒவ்வொரு தடவையும் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து வாங்குறது?"

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு பழைய அடுப்பின் மேல் உட்கார்ந்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். இனி வாபஸ் வாங்க முடியாது. ஓட்டுப் பிரிந்து எதிர்க்கட்சி ஜெயித்தால் மேலிடம் சும்மா விடாது. அதனால் அடுப்பண்ணன் வீடு வீடாகப் போய், எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று சொல்லவேண்டும். இல்லையென்றால்…

"இல்லைன்னா?"

"இல்லைன்னா உங்க அட்டையைப் பறிச்சுருவாங்கண்ணே. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அட்டை என்றதும் அடுப்பண்ணன் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. கட்சி இல்லாமல் இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சந்து, கொடிக்கம்பம், ஹால், செத்தவர் வீட்டுக்குச் சேர்ந்து போவது, பிறந்த குழந்தையைச் சேர்ந்து போய்ப் பார்ப்பது, எல்லாமே அதற்குள்தானே இருக்கிறது? மனைவி சொன்னதுபோல் பாத்திரம் தேய்க்கிற வீடாகவே இருக்கட்டும். ஆனாலும் அது வீடு. மறுநாள் காலையில் கும்பிட்டுவிட்டு, பழைய செருப்பையே மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதல் வீடு, பால் காய்ச்ச அடுப்பு பார்த்துக் கொடுத்த வீடு.

"அம்மா, ஓட்டு விஷயமா வந்தேன்."

"தெரியுமேண்ணே! அடுப்புதானே? எங்க வீட்டுல ரெண்டு ஓட்டும் உங்களுக்குத்தான்."

"அதாம்மா வேணாங்கிறேன். அடுப்புக்குப் போடாதீங்க."

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். "இங்க வாங்களேன். இவ்வளவு அடக்கமான மனுஷனைப் பாத்திருக்கீங்களா?"

அடுத்த வீட்டில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேப்பரை மடித்தார்.

"ஓட்டு வேணாம்னு ஓட்டுக் கேக்க வந்த முதல் ஆளு நீதான்யா. எனக்கு எந்தப் பயலுக்கும் போடவேணாம்னு இருந்துச்சு. இப்ப உனக்குப் போடணும்னு தோணுது."

"ஐயா, போட்டா என் கட்சி தோத்துரும்."

"உன் கட்சிதானே உன்னை நிறுத்தியிருக்கு?"

"இல்லைங்கய்யா. நிறுத்தல. நிறுத்தாம விட்டதுல நின்னுட்டேன்."

"அடேங்கப்பா! விளங்குதே" என்று பெரியவர் மறுபடி பேப்பரை விரித்தார். விளங்காதபோது அவர் அப்படித்தான் சொல்வார்.

மாடிக் குடித்தனத்தில் ஒரு அம்மா, முதலாளி ஜெயித்தால் தண்ணீர்ப் பிரச்சினைக்கு யாரிடம் போவது என்று கேட்டார். அவரிடமே போகலாம் என்றார் அடுப்பண்ணன். அவர் எங்கே இருப்பார்? கடையில். கடைக்குள் விடுவார்களா? அந்தக் கடைக்குள் அடுப்பண்ணனும் போனதில்லை. "எங்கிட்ட சொல்லுங்க, நான் அவர்கிட்ட சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். "அப்ப நேரா உங்களுக்கே போட்டா ஒரு நடை மிச்சம்தானே?" என்றார் அந்த அம்மா.

இப்படிப் போகப் போக, வார்டு முழுக்க அடுப்புப் பேச்சாகிவிட்டது. சின்னம் தெரியாதவர்களுக்கும் அடுப்பண்ணனே போய்த் தெரிவித்தாயிற்று. செயலாளர் நடுத்தெருவில் மறித்தார்.

"அண்ணே, நிறுத்துங்க! நீங்க வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல, அது பிரச்சாரமால்ல ஆகுது!"

"நீங்கதானே போகச் சொன்னீங்க?"

"கொஞ்சம் கெட்ட பேரு வர்ற மாதிரி சொல்லுங்கண்ணே!"

"எனக்கு நானே கெட்ட பேரு வாங்கிக்கணுமா? அதுக்கும் மாத்து ஆளு இருந்தாப் பாருங்க."

வாழ்க்கையில் முதல்தடவையாகச் செயலாளரிடம் அப்படிப் பேசினார். பேசிவிட்டு அவருக்கே பயமாக இருந்தது. பயத்தோடேயே அடுத்த சந்துக்குள் நுழைந்தார். அங்கேதான் டைலரக்காவின் கடை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வந்து நின்றதைப் பார்த்தும் அக்கா காலை எடுக்கவில்லை. தையல் முடிகிற இடம் வரை ஓட்டி, நூலைப் பல்லால் கடித்து, துணியை உதறி மடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"என்ன தம்பி, எனக்கும் சொல்ல வந்தியா?"

"ஆமாக்கா. அடுப்புக்குப் போடாதீங்க."

"மறுபடி சொல்லு."

அக்கா அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜைமேல் போட்டார்.

"அன்னைக்கு ஹால்ல நான் கை தூக்கினேன். பாதி வேலையை விட்டுட்டு ஓடிவந்து தூக்கின கை. மேல இருக்கிறவன் அதை மதிக்கல. சரி, அவனுக்கு என்னைத் தெரியாது. என் மூஞ்சியைக்கூடப் பாத்ததில்ல. உனக்குத் தெரியும்ல? இப்ப நீயே வாசல்ல வந்து நின்னு, 'அக்கா, நீ தூக்கின கை செல்லாது'ங்கிற. அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

"அட்டையைப் பறிச்சுருவாங்கக்கா."

"உன் அட்டையைப் பத்தி உனக்குக் கவலை. என் கையைப் பத்தி எனக்குக் கவலை இருக்காதா?"

அடுப்பண்ணன் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிப்போனது. இத்தனை நாளும், தனக்குச் சீட்டுக் கொடுக்கவில்லையே என்றுதான் வலிக்கிறது என்று நினைத்திருந்தார். அது இல்லை. கேட்டார்கள், கேட்டுவிட்டு, கேட்காதமாதிரி இருந்துவிட்டார்கள். வாயைத் திறந்து சொன்ன அத்தனை பேரையும் முட்டாளாக்கிவிட்டார்கள். அதே வேலையை இப்போது அவர் கையாலேயே வாசல் வாசலாகச் செய்ய வைக்கிறார்கள்.

"கடவுளே" என்றார். எழுந்து நேராக ஹாலுக்குப் போனார்.

மேலே செயலாளரும் முதலாளியும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியைப் பக்கத்தில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல்தடவை. குண்டான, களைத்த முகம். ஹால் நாற்காலியின் ஆடுகிற காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"செயலாளரே, இனிமே எனக்குப் போடுங்கன்னும் சொல்லமாட்டேன். போடாதீங்கன்னும் சொல்லமாட்டேன். அன்னைக்குக் கை தூக்கினவங்களை மறுபடி இந்த ஹாலுக்குக் கூப்பிடுங்க. நான் என்ன செய்யணும்னு அவங்க சொல்லட்டும். அவங்க போடாதேன்னு சொல்லச் சொன்னா, வார்டு முழுக்க இன்னொரு தடவை நடக்கிறேன்."

"அண்ணே, தலைமை முடிவு பண்ணினதுக்கு மேல கூட்டம் போட்டா என் அட்டையும் சேந்து போயிரும்!"

"அப்ப என் அட்டையை இப்பவே எடுத்துக்கோங்க." சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். ஓரமெல்லாம் நைந்து, எண்ணெய்க் கறை படிந்த அட்டை. அதை எடுக்கச் செயலாளரும் கையை நீட்டவில்லை.

முதலாளிதான் பேசினார். "கூப்பிடுங்க சார். நானும் அவங்களைப் பாத்ததே இல்ல."

"உங்களுக்கு இது தெரியாதுங்க, முதலாளி…"

"தெரியாதுன்னுதான் சொல்றேன். என்னைய மட்டும் யாரு கேட்டாங்க? நிக்கிறீங்களான்னு கேக்கல; நிக்கிறீங்கன்னு சொன்னாங்க. மாட்டேன்னு சொன்னா கடைக்கு என்ன வருமோன்னு பயந்து தலையாட்டினேன். அன்னையிலேருந்து எங்க வீட்டம்மா என்கூடப் பேசுறதில்ல."

அடுப்பண்ணன் அவரை முதல்தடவையாக மனுஷனாகப் பார்த்தார். இவரையும் கேட்காமலே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். வண்டி மட்டும் கொஞ்சம் பெரிய வண்டி.

கூட்டம் நடந்தது. முன்னைவிட அதிகம் பேர் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. செயலாளர் ஏதோ தொடங்கினார். "நீங்க உக்காருங்க" என்று ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாக உட்கார வைத்தன. முதலாளியை நிற்க வைத்துத்தான் கேள்வி கேட்டார்கள். இந்த வார்டில் எத்தனை சந்து என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றார். தெருக்கோடிக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்றதற்கும் தெரியாது என்றார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "நாற்காலி என்ன விலைன்னாவது தெரியுமா?" என்றது. "அது தெரியும். இந்த ஹால்ல இருக்கிறது ஒண்ணும் தேறாது, அதுவும் தெரியும்" என்றார். ஹால் சிரித்தது. பொய் சொல்லாத வேட்பாளரை அவர்கள் பார்த்து நாளாயிற்று.

டைலரக்கா எழுந்தார். "ஜெயிச்சா மாசம் ஒரு நாள் இதே ஹால்ல வந்து எங்க முன்னாடி உக்காருவீங்களா? நாங்க என்ன கேட்டாலும் பதில் சொல்லணும். தெரியாதுன்னாலும் பரவாயில்ல, தெரியாதுன்னு சொல்லணும்."

"வர்றேங்க."

"அடுப்பண்ணனைப் பக்கத்துல வச்சுக்கணும்."

"அவரு இல்லாம எனக்குச் சந்து தெரியாதேங்க."

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். கட்சிச் சின்னத்துக்கே வேலை செய்யலாம் என்பவர்கள் முதலில். கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. அடுப்பண்ணன் கண் டைலரக்கா மேல் இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கையைத் தூக்கினார். அதைப் பார்த்து இன்னும் சில கைகள் எழுந்தன. அடுப்புக்கு எழுந்தவை அதைவிடக் குறைவு, ரொம்பக் குறைவில்லை.

சுருக்கென்று இருந்ததா என்றால், இருந்தது. மனுஷன்தானே. படி இறங்கும்போது அக்காவிடம் கேட்டே விட்டார்.

"என்னக்கா, நீங்களே…"

"அன்னைக்கும் கேட்டாங்க, உன்னைச் சொன்னேன். இன்னைக்கும் கேட்டாங்க. ஓட்டுப் பிரிஞ்சா எதிர்க்கட்சிக்காரன் மறுபடி சந்துக்குள்ள இடிக்கிற வண்டியைக் கொண்டாந்து நிறுத்துவான், யோசிச்சுத்தான் சொன்னேன். என் கை, நான் எப்படி வேணாத் தூக்குவேன். இப்பப் போய்ச் சொல்லு, போடாதீங்கன்னு. இப்பச் சொன்னா அதுல அர்த்தம் இருக்கு."

மறுபடி அதே வீடுகள். இந்தத் தடவை அவர் தனியாகப் போகவில்லை. முதலாளி வேர்த்து விறுவிறுக்கக் கூடவே நடந்தார். அடுப்பண்ணன் காலில் புதுச் செருப்பு. வாசலில் நின்று, "எல்லாரும் கூடி முடிவு பண்ணியிருக்கோம். எனக்குப் போடாதீங்க, இவருக்குப் போடுங்க. தப்புப் பண்ணினா மாசா மாசம் ஹால்ல வந்து நாமளே கேக்கலாம்" என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. மாடிக் குடித்தனத்து அம்மா முதலாளியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து காட்டினார். குழாய் உஸ் என்று காற்றைத்தான் விட்டது. முதலாளி தானும் ஒருதடவை மூடித் திறந்து பார்த்தார்.

முதலாளி ஜெயித்தார். மயிரிழையில்தான். வெற்றிக் கூட்டத்தில் செயலாளர் மைக்கைப் பிடித்தார்: "தலைமை எடுத்த தீர்க்கமான முடிவுக்கு மக்கள் கொடுத்த பரிசு இது!" கீழே நின்ற டைலரக்கா வாய்விட்டுச் சொன்னார்: "இந்த ஆளைத் திருத்த அந்தக் கடவுளே இறங்கி வந்தாலும், போன் பேசி முடியட்டும்னு வாசல்லயே உக்கார வச்சிருவான்." மேலிடமும் தன் வழக்கத்தை விடவில்லை. வாழ்த்துச் சொல்லிய கையோடு, சுயேச்சைச் சின்னத்துக்கு இத்தனை ஓட்டு எப்படி விழுந்தது, அடுப்பண்ணன் உண்மையாக வேலை பார்த்தாரா என்று விளக்கம் கேட்டது. முதல் மாதக் கூட்டத்தில் அதைச் செயலாளர் வாசித்ததும் ஹால் கொதித்தது. "நாங்கதான் சொல்லச் சொன்னோம், அவரு சொன்னாரு. விளக்கம் வேணும்னா இங்க வந்து எங்களைக் கேக்கச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டார்கள். புதுக் கவுன்சிலர் தான் அனுப்பிவைத்த புது நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, "அப்படியே எழுதி அனுப்புங்க சார், நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றார். செயலாளர் மேஜை டிராயரைத் திறந்து எண்ணெய்க் கறை படிந்த அட்டையை எடுத்து, யாரையும் பார்க்காமல் அடுப்பண்ணன் பக்கம் தள்ளினார்.

அன்று வீட்டுக்கு வந்து, அட்டையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, அடுப்பண்ணன் மனைவியிடம் புலம்பினார்.

"வார்டுல ஒரு வீடு பாக்கியில்லாம ஏறி இறங்கிட்டேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் போடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். அப்புறமும் அத்தனை பேரு அடுப்புக்குப் போட்டிருக்காங்களே! யாரா இருக்கும்?"

மனைவி ரொட்டித் தூள் ஒட்டியிருந்த ஏப்ரனை உதறி ஆணியில் மாட்டினார்.

"மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. என்கிட்ட வந்து போடாதேன்னு யாரும் கேக்கலையே."